நாற்பத்து நான்காவது சுயவிமர்சனம்

கட்சியில் தப்புச் செய்தவன் மூன்று பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கம் எழுதினால் திமிர் என்பார்கள், நான்கு பக்கம் எழுதினால் சப்பைக்கட்டு என்பார்கள். முதல் பக்கத்தில் என்ன தப்பு என்று சொல்ல வேண்டும். இரண்டாம் பக்கத்தில் அந்தத் தப்பு மனசின் எந்த மூலையிலிருந்து முளைத்தது என்று தோண்டிக் காட்ட வேண்டும். மூன்றாம் பக்கத்தில் திருந்திவிட்டேன், நன்றி. இதைக் கமிட்டி முன்னால் நின்றுகொண்டு தானே சத்தமாகப் படிக்க வேண்டும். இதற்குப் பெயர் சுயவிமர்சனம்.

சொல்வதற்கு என்ன, சொல்லிவிடலாம். பஸ் ஓட்டுகிறவனையும் மூட்டை தூக்குகிறவனையும் பிடித்து, உன் மனசின் மூலையைத் தோண்டி ஒரு பக்கம் எழுதிக் கொண்டு வா என்றால் அவன் எங்கே போவான்? நேராகப் பேனாக்காரரிடம் போவான்.

பேனாக்காரருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய இரண்டு நாவல்களின் அட்டையில் இருக்கிறது, மற்றபடி யாரும் அதை எடுத்துப் பயன்படுத்துவதில்லை. கட்சிப் பத்திரிகையில் இருபத்திரண்டு வருஷமாகத் தலையங்கம் எழுதுகிறார். அதோடு கட்சிக்காரர்களின் பாவமன்னிப்பு இலாகாவும் அவர் தலையில்தான். இதுவரை நாற்பத்து மூன்று பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். முதல் பக்கத்தையும் மூன்றாம் பக்கத்தையும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். அந்த இரண்டாம் பக்கம் இருக்கிறதே, அதை எழுத அவரை விட்டால் ஆள் கிடையாது. கேட்கிற கமிட்டி கைக்குட்டையைத் தேடும். நாற்பத்து மூன்றில் ஒருவன்கூட வெளியேற்றப்படவில்லை. "நாப்பத்து மூணு பேரைக் காப்பாத்தியிருக்கேன்" என்று அவர் அவ்வப்போது சொல்லிக்கொள்வார். தன்னிடமேதான் சொல்லிக்கொள்வார், வேறு யாரும் கேட்கவில்லை.

கட்சியோடு அவருக்கு இருந்த உறவு கொஞ்சம் வில்லங்கமானது. வெளியில் எவனாவது கட்சியைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் காலரைப் பிடித்துவிடுவார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இவனுங்களுக்கு மண்டைக்குள்ள ஒண்ணும் கிடையாது" என்று ஆரம்பித்துவிடுவார். பதினாலு வயசில், கட்சி நடத்திய மாலைப் பள்ளியில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். எழுதக் கற்றுக்கொடுத்த கையை உதறுவது எப்படி? அதே கட்சிதான் அவருடைய மூன்றாவது நாவலை எட்டு வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறது. எட்டு வருஷம்! முந்நூறு பக்கம்தான், எழுத்துக் கூட்டிப் படித்திருந்தாலும் முடிந்திருக்கும். கேட்டால் கட்சிச் செயலாளர் "பாதியில இருக்கேன் தோழர்" என்பார். எட்டு வருஷமும் அதே பாதி. வெளியே யாரிடமாவது கொடுத்து அச்சடிக்கலாம். செய்ய மாட்டார். "கட்சிக்குத் தெரியாமலா?" என்பார். அது பயமா பக்தியா என்று அவருக்கே தெரியாது, எரிச்சல் மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

இத்தனைக்கும் கோழை இல்லை. ராணுவம் ஆட்சியைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதியதற்காகப் பதினாலு மாசம் ஜெயிலில் இருந்தவர். "தப்புச் செய்துவிட்டேன்" என்று ஒரே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடு, விட்டுவிடுகிறோம் என்றார்கள். போடவில்லை. இடது காதில் விழுந்த அறையில் அந்தக் காது இன்றுவரை சரியாகக் கேட்காது.

அவர் மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸ். எல்லோருக்கும் நர்ஸம்மா. ஊசி போடுவதுபோலத்தான் பேசுவாள், வலிப்பதற்குள் முடிந்துவிடும்.

"அவங்க ஒரு பக்கம் கேட்டாங்க, காதையே குடுத்துட்டு வந்தீங்க. இவங்க மூணு பக்கம் கேக்கறாங்க, ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்கறீங்க" என்றாள் ஒருமுறை.

"அவன் எதிரி. இது நம்ம வீடு."

"நம்ம வீட்டுல நான் என்னிக்காவது உங்களை நிக்க வச்சுப் படிக்கச் சொல்லியிருக்கேனா?"

பேனாக்காரருக்கு அந்தச் சமயத்தில் இரண்டு காதும் கேட்காமல் போயிற்று.

இப்படி இருக்கும்போதுதான் நர்ஸம்மாவின் தம்பி மாட்டிக்கொண்டான். பேனாக்காரரின் மச்சினன். முப்பத்தெட்டு வயது, கல்யாணம் கிடையாது, பம்ப் தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறான், அங்கே கட்சித் தொழிற்சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். முப்பத்தேழு நாளாக வேலைநிறுத்தம். தற்காலிகமாக வைத்திருக்கிற அறுபத்திரண்டு பேரை நிரந்தரமாக்கு என்பதுதான் கோரிக்கை. திடீரென்று மேலேயிருந்து கட்சி முடிவு செய்து அனுப்பியது: நிரந்தரத் தொழிலாளிகளுக்குச் சம்பள உயர்வு உண்டு, அறுபத்திரண்டு பேர் வெளியே, வேலைநிறுத்தம் முடிந்தது. தேர்தல் வரப்போகிறது, முதலாளி யாருக்கோ சொந்தக்காரர், அந்த யாரோ கட்சிக்கு வேண்டும். பேனாக்காரருக்கே பாதிதான் தெரியும்.

மச்சினன் என்ன செய்தான்? தொழிற்சாலை வாசலில் எல்லோரையும் கூட்டி, "இதான் கட்சி முடிவு. சம்மதம்னா கை தூக்குங்க" என்றான். ஒரு கை எழும்பவில்லை. "அப்ப சரி, தொடருவோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் கட்சிச் செயலாளர் பேனாக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். செயலாளர் கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டமே. தேய்ந்த செருப்பு ஒரு ஜோடி, சர்க்கரை வியாதி, கட்சி அலுவலகத்திலேயே கட்டில். யார் வீட்டுப் பிள்ளை எந்த வகுப்பு என்பதுவரை ஞாபகம் வைத்துக்கொண்டு விசாரிப்பார். கெட்டவராக இருந்தால் வெறுத்துத் தொலைக்கலாம்.

"உங்க மச்சினன் கட்சி முடிவை ஓட்டுக்கு விட்டிருக்கான் தோழர்."

"தொழிலாளிங்கதானே ஓட்டுப் போட்டாங்க?"

"அதான் பிரச்சினையே" என்றார் செயலாளர், நிஜமான வருத்தத்தோடு. "சனிக்கிழமை கமிட்டி. மூணு பக்கம் படிக்கட்டும், மன்னிச்சு விட்டுடலாம், சங்கத்திலயும் இருக்கட்டும். இல்லேன்னா வெளியேத்தறதைத் தவிர எனக்கு வழியில்ல. இருபது வயசிலேர்ந்து கட்சியைத் தவிர அவனுக்கு என்ன இருக்கு? நீங்க பேசுங்க."

'அவன் செய்ததுதான் சரி, நீங்கள்தான் மூன்று பக்கம் எழுத வேண்டும்' என்று பேனாக்காரரின் நாக்கு நுனிவரை வந்தது. வந்ததை மென்று முழுங்கினார்.

"பேசறேன் தோழர்."

படி இறங்கும்போது தன்னைத்தானே திட்டிக்கொண்டே இறங்கினார். தலையங்கத்தில் நாட்டின் அதிபரையே நார்நாராகக் கிழிக்கிறவர், ஒரு ஜோடி செருப்புக்காரர் முன்னால் பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டார்.

மச்சினன் தொழிற்சாலை வாசலில் தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து, காய்ந்த ரொட்டியைத் தேநீரில் முக்கித் தின்றுகொண்டிருந்தான். சுற்றிலும் நாற்பது ஐம்பது பேர். மாமாவைப் பார்த்ததும் எழுந்து ஓரமாக வந்தான்.

"எழுத மாட்டேன் மாமா. நான் என்ன தப்புப் பண்ணேன்? கை தூக்கச் சொன்னேன், தூக்கல. நான் போய் ஒவ்வொரு கையா தூக்கி விட முடியுமா?"

"தப்புன்னு யார்டா சொன்னா? நீ பண்ணதுதான் சரி. நான் உன் இடத்துல இருந்தாலும் அதையேதான் பண்ணியிருப்பேன்."

"அப்ப அதைப் போய் அவர்கிட்டச் சொல்லுங்க."

பேனாக்காரர் தொண்டையைச் செருமினார். "மாப்ளே, யோசிச்சுப் பாரு. வெளியேத்திட்டா சங்கத்திலேர்ந்தும் போயிடுவே. அடுத்த நிமிஷம் வேற ஒருத்தனைக் கொண்டாந்து உக்கார வச்சு, கையெழுத்துப் போட்டு முடிச்சுடுவானுங்க. இந்த அறுபத்திரண்டு பேருக்கும் அப்ப யார் இருக்கா? மூணு பக்கம் வாயால படிச்சுட்டு வந்துடு. மனசுல வச்சுக்காதே. மறுநாள் வந்து இதே பந்தல்ல உக்காந்து போராட்டத்தை நடத்து. நான் எழுதித் தரேன்."

மச்சினன் பந்தலைத் திரும்பிப் பார்த்தான். அந்த நியாயம் அவன் தலைக்குள் போயிற்று. பேனாக்காரரின் நியாயங்கள் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

"படிக்கிறேன். அவ்வளவுதான். நம்பச் சொல்லாதீங்க."

"நம்பாதடா! நம்பவே வேண்டாம்!"

வெள்ளிக்கிழமை மத்தியானம் நர்ஸம்மா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். முதல் பக்கம் கால் மணி நேரத்தில் முடிந்தது. இரண்டாம் பக்கம் நகரவே இல்லை. வழக்கமான சரக்குகளை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தார்: அகங்காரம், அவசரபுத்தி, கைதட்டலுக்கு ஆசை. மச்சினன் மேல் எதுவும் ஒட்டவில்லை. கமிட்டியில் இருக்கிற ஒன்பது பேருக்கும் அவனை நன்றாகத் தெரியும். பொருந்தாத சட்டையைப் போட்டு அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவார்கள். பையன் வெளியே போய்விடுவான்.

அப்போது அவருக்கு அந்த விஷயம் ஞாபகம் வந்தது.

இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நர்ஸம்மாவின் அப்பா வேலை பார்த்த மில்லில் ஒரு வேலைநிறுத்தம். முப்பதாவது நாள், மனைவிக்கு ஆபரேஷன் என்று மருத்துவமனையில் கேட்ட தொகைக்கு வழியில்லாமல், அந்த மனிதர் பின்வாசல் வழியாக உள்ளே வேலைக்குப் போய்விட்டார். சாப்பாட்டு டப்பாவோடு கூடவே ஓடிய ஒன்பது வயசுப் பையன் வாசலில் நின்று பார்த்தான். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் ஒருவரும் அவரோடு பேசவில்லை. மூன்று வருஷத்தில் செத்துப்போனார். பையன் இதை அக்காவிடம் ஒரே ஒருமுறை சொல்லி அழுதிருக்கிறான். அக்கா தன் கணவரிடம் ஒரே ஒருமுறை சொன்னாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கதையில கிதையில போட்டுடாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "சத்தியமா கதையில போட மாட்டேன்" என்றார்.

இது கதை இல்லையே என்று இப்போது நினைத்துக்கொண்டார். மூடின அறை, ஒன்பது பேர், படித்ததும் கோப்பில் போட்டு அலமாரியில் பூட்டிவிடுவார்கள்.

எழுத ஆரம்பித்தார். 'பின்வாசலில் நின்ற அந்தப் பையன் இன்னும் அங்கேதான் நிற்கிறான். இந்த வேலைநிறுத்தத்தை நான் முடிக்க மறுத்தது தொழிலாளர்களுக்காக அல்ல. என் அப்பாவின் வெட்கத்தைக் கழுவுவதற்காக. அதற்காக முந்நூறு குடும்பங்களை நாற்பத்தோரு நாள் பட்டினி போட்டேன்.' எட்டு வருஷமாக இப்படி ஒரு பக்கம் எழுதியதில்லை. வெட்கக்கேடு, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்: அந்த மனுஷனுக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுந்து போய் ஒரு தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்து, இன்னொரு தடவை படித்து, 'ஆகா' என்றார்.

சனிக்கிழமை காலையில் உறையைக் கொடுத்தபோது, "ஒரு தடவை படிச்சுப் பார்த்துடு மாப்ளே" என்றார்.

"பொய்தானே மாமா? அங்கயே படிச்சுக்கறேன்."

வற்புறுத்தியிருக்கலாம், வற்புறுத்தவில்லை.

கமிட்டி அறையில் நீளமான மேசை, ஒன்பது நாற்காலி, ஜன்னலோரமாகப் பழைய பத்திரிகைக் கட்டுகள். பத்திரிகைக்காரர் என்ற முறையில் பேனாக்காரர் ஒரு கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். மச்சினன் நின்றுகொண்டு முதல் பக்கத்தைப் படித்தான். ரேஷன் பட்டியல் வாசிப்பதுபோலப் படித்தான், முகத்தில் லேசான நக்கல்கூட இருந்தது. பக்கத்தைத் திருப்பினான். மூன்று வரி படித்தான். நின்றுவிட்டான்.

திரும்பிப் பேனாக்காரரைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் தாங்கிக்கொண்டிருப்பார். மருத்துவர் சொன்ன வியாதியின் பெயரை முதல் தடவையாகக் கேட்கிற ஆள் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"தண்ணி வேணுமா தோழர்?" என்றார் செயலாளர்.

வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி படித்தான். குரல் மாறிவிட்டது. இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியை இரண்டு தடவை படித்தான். மேசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செயலாளர் எழுந்து வந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நாற்பத்து நாலு என்று பேனாக்காரர் மனசுக்குள் எண்ணிக்கொண்டார். பையன் தப்பித்தான் என்ற நிம்மதி பத்து நிமிஷம் இருந்தது.

தெருவுக்கு வந்ததும் மச்சினன் கேட்டான். "மாமா, இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"எது?"

"நான் அப்பாவுக்காகத்தான் இதைப் பண்றேன்னு."

"டேய், அது எழுத்துடா. கமிட்டிக்காக எழுதினது. நான்தான் அன்னிக்கே சொன்னேனே, நம்பாதேன்னு."

"பொய்யா இருந்தா எப்படி மாமா இவ்வளவு சரியா இருக்கும்?" என்றான். அவன் கண் சிவந்திருந்தது. "நாப்பத்தொரு நாளா எல்லாரையும் வெயில்ல உக்கார வச்சிருக்கேன். ஒருத்தன் சம்சாரம் நகையை வித்துட்டா. ஒருத்தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலேர்ந்து நிறுத்திட்டான். எல்லாம் எதுக்கு? என் அப்பனுக்காக. திங்கக்கிழமை வாசல்லயே இதைப் படிச்சுடறேன். அவங்களுக்குத் தெரிய வேண்டாமா? செயலாளர்கிட்டச் சொல்லிட்டேன். சரின்னுட்டார்."

பேனாக்காரருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நாற்பத்து மூன்று பேருக்கு எழுதினார், ஒருவன்கூட நம்பவில்லை. எல்லோரும் படித்தார்கள், வெளியே வந்து ஒரு தேநீர் குடித்தார்கள், மறந்தார்கள். அதுதான் வழக்கம். நம்புகிறவன் ஒருவன் வருவான் என்று அவர் நினைக்கவே இல்லை. அவன் தன் மச்சினனாக இருப்பான் என்று எப்படி நினைப்பார்?

ஞாயிற்றுக்கிழமை தம்பி சொல்லித்தான் நர்ஸம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள்.

"அதை எழுதினீங்களா?"

"கதையில போடல. நீ கதையிலதான் போடாதேன்னே..." என்று ஆரம்பித்தார். சொல்லும்போதே தன் குரல் தனக்கே அசிங்கமாகக் கேட்டது.

"தோழரே" என்றாள். கல்யாணத்தன்று கட்சிக்காரர்கள் முன்னால் ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டாள், அதற்கப்புறம் இப்போதுதான். "எங்கப்பா எங்கம்மாவைக் காப்பாத்தப் போனார். அது எங்க வீட்டு விஷயம். அதை எடுத்து என் தம்பி கழுத்துல கட்டித் தொங்க விட்டுட்டீங்களே!"

"அவனைக் காப்பாத்தத்தான்..."

"காப்பாத்துங்க. நாளைக்குப் போய் எல்லார் முன்னாலயும், நான் கட்டின கதை இதுன்னு சொல்லுங்க. எழுதறதுக்கு மட்டும் வாய் நீளுதில்ல, சொல்றதுக்கும் நீளட்டும்."

சொல்கிறேன் என்றார். நிஜமாகவே சொல்லத்தான் போனார், அந்த அளவுக்கு அவரை நம்பலாம்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. முந்நூறு பேர் வாசலில் நின்றார்கள். அந்த அறுபத்திரண்டு பேர் ஒரு பக்கமாகச் சேர்ந்து நின்றார்கள், அவர்களுக்கு ஏதோ வாடை அடித்திருந்தது. மர மேடை மேல் நின்று மச்சினன் மூன்று பக்கத்தையும் படித்தான். காகிதத்தைப் பார்க்கவே இல்லை, மனப்பாடமாகியிருந்தது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். "என்னை மன்னிச்சுடுங்க. கட்சி முடிவுக்குச் சம்மதம்னா இந்தத் தடவை கை தூக்குங்க" என்றான்.

பேனாக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடை ஏறினார். மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"தோழர்களே! இதை... இது அவன் எழுதினது இல்ல. நான் எழுதினேன்."

நடுவிலிருந்து ஒருவன், "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க தோழர்!" என்று கத்தினான். கூட்டம் கை தட்டியது.

"ஐயோ, கை தட்டாதீங்கய்யா! பொய்னு சொல்றேன்! அவன் பண்ணது சரி... அதாவது போன வாரம் நீங்க கை தூக்காம இருந்தது சரி... கமிட்டிக்காக நான்... ஒரு வழக்கம் இருக்கு, மூணு பக்கம்னு..."

பேனா பிடித்தால் கல்லையும் அழ வைக்கிற ஆள், உண்மையைச் சொல்ல நின்றபோது உளறினார். வியர்வை ஊற்றியது. ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம், "பாவம், சொந்தக்காரரு, மனசு கேக்கல" என்றது அவருடைய நல்ல காதில் தெளிவாக விழுந்தது.

மச்சினன் பக்கத்தில் வந்தான். மைக் அணைக்கப்படவில்லை, எல்லோருக்கும் கேட்டது.

"மாமா, எங்கப்பா பின்வாசல் வழியாப் போனது பொய்யா?"

"இல்லடா."

"நான் டப்பாவோட நின்னது பொய்யா?"

"இல்ல."

"அப்ப எது பொய்?"

"அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போட்டேன் பாரு, அந்த முடிச்சுதான்டா பொய்! உங்கப்பா வேற, இந்த அறுபத்திரண்டு பேர் வேற! நீ இவங்களுக்காகத்தான் உக்காந்தே!"

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான் மச்சினன். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டான்.

ஒருவனுடைய மனசின் மூலையை அவனைவிட நன்றாகத் தனக்குத் தெரியும் என்று இருபது வருஷமாக எழுதிக் கொடுத்தவர் பேனாக்காரர். இப்போது தெரியாது என்றால் போன வெள்ளிக்கிழமை எழுதியது என்ன? தெரியும் என்றால் அவன் அதைத்தானே நம்பிக்கொண்டிருக்கிறான்!

"வெயில்ல நிக்காதீங்க மாமா. இறங்குங்க" என்று மச்சினன் அவர் முழங்கையைப் பிடித்து, ஒரு படிக்கு ஒரு படி நிதானமாக இறக்கிவிட்டான்.

ஓட்டு எடுத்தார்கள். நிரந்தரத் தொழிலாளிகளின் கைகள் முதலில் தயங்கின, பிறகு ஒவ்வொன்றாக எழுந்தன. மச்சினன் தன் கையையும் தூக்கினான். அறுபத்திரண்டு பேரும் தூக்கவில்லை. அதில் ஒரு பெண், பேனாக்காரரைக் கடந்து போகும்போது, "இதுக்குத்தான் எழுதினீங்களா சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். தோழர் என்று கூப்பிடவில்லை. மத்தியானம் சங்கு ஊதியது. மற்றவர்கள் உள்ளே போனார்கள்.

பேனாக்காரருக்கு ஒரு தண்டனையும் கிடைக்கவில்லை. செயலாளர் தோளில் தட்டி, "குடும்பப் பாசம், புரியுது தோழர். அந்த இரண்டாம் பக்கம் இருக்கே, எல்லாக் கிளைக்கும் மாதிரிக்கு அனுப்பலாம்னு இருக்கேன்" என்றார். வேண்டாம் என்று பேனாக்காரர் கத்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த அறையில் கத்தினார். செயலாளர் கோபப்படவே இல்லை. "சரி, யோசிப்போம்" என்றார். மறுவாரம் அனுப்பிவிட்டார். நாவலைப் படிக்க எட்டு வருஷம் எடுத்துக்கொண்ட மனுஷன், இந்த ஒரு பக்கத்தை ஏழே நாளில் ஊர் ஊராக அனுப்பிவிட்டார்.

கட்சியை விட்டுப் போய்விடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தார். உறுப்பினர் அட்டையைத் தூக்கி மேசையில் எறிவதுபோல நினைத்துப் பார்ப்பார், உடம்பெல்லாம் சூடாகும். ஒன்பது மணியானால் பத்திரிகை அலுவலகத்துக்குக் கிளம்பிவிடுவார். வெளிநாட்டில் எங்கேயோ ஒரு சர்வாதிகாரி எழுத்தாளர்களைப் பிடித்து உள்ளே போட்டான் என்று செய்தி வந்தது. அதற்கு ஒரு தலையங்கம் எழுதினார். மிகவும் நன்றாக வந்திருந்தது. கையெழுத்துப் போட்டதும், இன்னொரு தடவை படித்துப் பார்க்காமலே அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டார். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். கதவு சாத்தாமல் இருந்தது. சமையலறையில் பேச்சுச் சத்தம் கேட்டது. நர்ஸம்மாவும் அவள் தம்பியும். அவன் ஏதோ சொல்கிறான், உடைந்த குரலில், நடுநடுவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அவள் "சரிடா, சரிடா" என்கிறாள். வாசலில் வேலை போன யாரையோ பார்த்தானோ, அப்பாவைப் பற்றியோ, என்னவென்று காதில் விழவில்லை. அவன் பேசுகிறான் என்பதே பேனாக்காரருக்குப் போதுமாக இருந்தது. மூன்று வாரமாக அவன் பேசி அவர் கேட்கவில்லை. போய் உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல், சும்மா கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

உள்ளே போனார்.

பேச்சு நின்றுவிட்டது. மச்சினன் சட்டென்று எழுந்து நின்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க மாமா" என்றான், ரொம்ப மரியாதையாக. நர்ஸம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கெட்ட வார்த்தை இல்லை, கோபம் இல்லை. ஒரு அதிகாரி அறைக்குள் வந்தால் மற்றவர்கள் எப்படி வாயை மூடிக்கொள்வார்களோ அப்படி மூடிக்கொண்டார்கள், அவ்வளவுதான். எந்த வார்த்தையை இவர் எடுத்துக்கொண்டு போவார், எங்கே கொண்டுபோய் எழுதுவார் என்கிற பயம். பதினாலு மாசம் ஜெயிலில் இருந்தவருக்கு அந்தப் பயத்தை அடையாளம் தெரியாமல் இருக்குமா? அப்போது அதிகாரி கதவருகே நிற்க, அவர் சுவரோரமாக நின்றிருந்தார். இப்போது கதவருகே நின்றார்.

"உக்காருடா. பேசுங்க, பேசுங்க. நான் பாட்டுக்கு இருக்கேன்" என்றார்.

நர்ஸம்மா திரும்பாமலே சொன்னாள். "நாங்க ஒண்ணும் பேசலையே."